ஒருநாளும் நிக்காத டார்வெல்

சாரதிப் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காமல் போய் அன்றோடு நான்கு நாள். ஓல்போர்க் ஆஸ்பத்திரியின் கார் தரிப்பிடத்தில், வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கத்து ஆசனத்தில் உடம்பும் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு காலுமாக ஞானரட்ணம் கிடந்தபோது கைபேசி அடித்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதன் தன் சொந்தக் காரில் இருந்து இறங்க இவ்வளவு பாடுபட வேண்டியதில்லைதான். ஆனால் அழைத்தது கோல்டிங்கில் இருந்து சிவானந்தன். மகள் அன்னாவுக்கு மாமனாராக வரப்போகிறவர். எந்தக் கோலத்தில் கிடந்தாலும் எடுத்தே ஆகவேண்டும்.

"அண்ணை, முடிவெடுத்திட்டன்," என்றார் சிவானந்தன். "டார்வெல்தான் வாங்கப்போறன். உங்கடையைப் போலவே, சாம்பல் நிறம். நீங்கள் சொன்னாப் பிறகு வேறை என்னத்தைப் பாக்கிறது?"

ஞானரட்ணத்தின் கால் ஹோர்னில் விழுந்தது. ஹோர்ன் அடித்தது. காலை எடுத்த பிறகும் அடித்தது.

"என்னண்ணை, ஆரோ ஹோர்ன் அடிக்கினம்?"

"ஓம், இஞ்சை சனம் இப்ப அப்பிடித்தான்," என்றார் ஞானரட்ணம். டென்மார்க்கில் ஹோர்ன் சத்தம் கேட்பதென்றால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் விபத்து. தரிப்பிடத்தின் மறுபக்கத்தில் இரண்டு தாதிமார் நின்று பார்த்தார்கள்.

சனிக்கிழமை தானும் மனைவி யோகம்மாவும் ரயிலில் வருவதாகச் சிவானந்தன் சொன்னார். கலியாணத் தேதியை முடிவாக்கலாம். அப்படியே ஞானரட்ணத்தின் காரையும் ஒருதரம் ஓடிப்பார்க்கலாம். திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்கப்போகிறார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஹோர்ன் இன்னும் மூன்று நிமிடம் அடித்துவிட்டுத் தானாகவே ஓய்ந்தது.

டார்வெல் அமெரிக்கக் கார். இரண்டு வருடத்துக்கு முன் அதை வாங்கப் போனபோது ஞானரட்ணம் தள்ளுபடி கேட்டார். விற்பனைக்காரன் சிரித்துக்கொண்டு, மினுங்கும் தாளில் அச்சடித்த ஒரு தடித்த புத்தகத்தைத் தந்தான். டார்வெல் கம்பனியின் வரலாறு. வெறுங்கையோடு போவதற்கு இது பரவாயில்லை என்று ஞானரட்ணம் வாங்கிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதையே வாசித்தார். ஒஹையோவில் பால்கான் செய்து விற்ற எஸ்ரா டார்வெல் என்பவர் தன் மாட்டுக்கொட்டிலில் முதல் காரைச் செய்தது, அதை ஓட்டிக்கொண்டே மனைவியை மகப்பேற்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனது, யுத்தத்துக்கு லொறி செய்து கொடுத்தது, பிறகு பின்பக்கம் இறக்கை வைத்த நீளக் கார்களைச் செய்து அமெரிக்கா முழுக்க ஓடவிட்டது எல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகம் 1968ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஞானரட்ணமும் விசாரிக்கவில்லை.

விசாரிக்காமல் இருந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொல்லவும் செய்தார். தேவராசாவின் அறுபதாம் பிறந்தநாளில் சொன்னார். செலீனாவின் மகன் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்தில் சொன்னார். ஒரு செத்தவீட்டில், கோப்பியும் கேக்கும் கொடுத்து முடிந்த இடைவெளியில், எஸ்ரா டார்வெலின் பால்கான் கதையை முழுவதுமாகச் சொல்லி, செத்தவரின் மைத்துனரையே கேட்க வைத்தார். எங்கே தொடங்கினாலும் ஒரே வசனத்தில் வந்து முடிப்பார்: "என்ரை டார்வெல் ஒருநாளும் நிண்டதில்லை."

அது முதல் மூன்று கிழமை மட்டும் உண்மையாக இருந்தது. நாலாம் கிழமை வேகமும் வழியும் காட்டுகிற முன் திரை கறுத்தது. பிறகு பின் ஜன்னல் தன்பாட்டில் இறங்கத் தொடங்கியது. பூட்டியிருக்கிற பின்கதவு திறந்திருக்கிறது என்று கார் அடிக்கடி கீச்சிட்டது. சூட்டை இயக்கினால் இடது காலுக்கு மட்டும் சூடு வந்தது. இதற்கிடையில் டார்வெலை டென்மார்க்குக்கு இறக்கிய ஆட்களும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யூலண்ட் தீபகற்பம் முழுவதிலும் அந்தக் காரைத் திருத்தத் தெரிந்த ஒரே ஆள், எண்பது கிலோமீற்றருக்கு அப்பால் ராணர்ஸில் கராஜ் வைத்திருந்த பிரெபென்தான்.

பிரெபென் பெரிய உடம்பும் சிறிய குரலும் கொண்ட மனிதன். எதைச் சொன்னாலும் "டெஸ்வேர" என்று தொடங்குவான். மனவருத்தத்தோடு சொல்கிறேன் என்று அர்த்தம். 1968க்குப் பிந்திய டார்வெல் வரலாற்றை ஞானரட்ணம் அவனிடம்தான் கற்றார், ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு அத்தியாயமாக. கம்பனி இரண்டுமுறை முறிந்தது. ஒருமுறை வங்கி வாங்கியது, பிறகு உழவு இயந்திரம் செய்கிறவர்கள் வாங்கினார்கள், பிறகு யார் வாங்கினார்கள் என்று பிரெபெனுக்கே சரியாகத் தெரியாது. இப்போது எஞ்சின் ஒரு நாட்டில், கியர்ப்பெட்டி இன்னொரு நாட்டில், வயர்கள் எல்லாம் மூன்றாவது நாட்டில். முன்னால் ஒட்டியிருக்கிற பெயர் மட்டும்தான் எஸ்ரா டார்வெலுடையது.

இதையெல்லாம் ஞானரட்ணம் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? டென்மார்க்கில் ஒருவன் கார் வாங்கினால் ஒன்றைத் தனக்கும் ஒன்றை அரசாங்கத்துக்குமாக வாங்கியது போலத்தான் வரி. அப்படி வாங்கியதைப் பிழை என்று ஒத்துக்கொள்ள மனம் வருவதில்லை. அதிலும் செத்தவீட்டில் புகழ்ந்த காரை. அவர் ஆஸ்பத்திரியில் நோயாளர் கட்டில்களைத் தள்ளுகிற வேலை செய்தார். வேலை முடிந்தால் காரைத் தள்ளினார். இரண்டையும் பற்றி வெளியில் பேசவில்லை.

ஒரே ஆறுதல் அன்னா. அப்பாவின் காரைக் கராஜுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பெரும்பாலும் அவளே எடுத்துக்கொண்டாள். எந்தப் பிள்ளை விடுமுறை நாளில் எண்பது கிலோமீற்றர் ஓடிப்போய், எண்ணெய் மணக்கிற இடத்தில் நாள் முழுக்கக் காத்திருக்கும்? பெற்றால் இப்படிப் பெறவேண்டும் என்று ஞானரட்ணம் மனைவி மேரிகிறேஸிடம் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறார்.

அந்தப் பிள்ளையின் கலியாணம்தான் இப்போது நூலில் தொங்கியது. அன்னாவும் சிவானந்தனின் மகன் லவனும் ஏதோ பிறந்தநாள் விருந்தில் சந்தித்து விரும்பியவர்கள். இவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர்; அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். ஆறு மாதமாகக் கதைத்துக் கதைத்து, காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் மண்டபத்தில் தாலி என்று ஒருவாறு இணங்கினார்கள். ஒரே மண்டபத்தில் மரக்கறியையும் ஆட்டிறைச்சியையும் எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு மட்டும் இரண்டு மாதம் போனது. மிச்சம் இருந்தது தேதி ஒன்றுதான்.

இந்த நேரத்தில் கார் கூடாது என்று சொன்னால், இரண்டு வருடமாகப் பொய் சொன்னவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று கேட்பார்கள். நல்ல கார் என்று சொல்லி அவர்கள் வாங்கிவிட்டால், சம்பந்தியின் ஜன்னல் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஞானரட்ணத்தின் பெயர் அடிபடும். அதுவும் சாகும்வரைக்கும்.

யோசித்து யோசித்து அன்று பின்னேரம் சிவானந்தனுக்கு எடுத்தார். பட்டும் படாமலும் தடுத்துப்பார்க்கலாம் என்பது திட்டம். உங்களுக்கு அவ்வளவு பெரிய கார் எதற்கு, இரண்டு பேர்தானே, சின்னதாக ஒன்று பார்க்கலாமே, டார்வெல் எல்லாருக்கும் சரிவராது என்று மெல்லமாகச் சொன்னார். சிவானந்தன் "ஓ" என்றார். பிறகு "சரி அண்ணை" என்று வைத்துவிட்டார். ஞானரட்ணத்துக்குப் பாதி பாரம் இறங்கியது.

ஒரு மணித்தியாலத்தில் யோகம்மா மேரிகிறேஸை அழைத்தாள். மேரிகிறேஸ் முதியோர் இல்லத்து வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டாள், நின்றபடியே வைத்தாள், அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

"என்னவாம்?"

"எங்கடை வாசல்லை பெரிய கார் நிக்கிறது அண்ணைக்குப் பிடிக்கேல்லைப் போல எண்டு கேக்கிறா. எல்லாருக்கும் சரிவராதாமே, எங்களுக்கு என்ன குறை எண்டும் கேட்டவ. தேதியைப் பிறகு ஆறுதலாப் பாப்பமாம்."

"நான் அதை அப்பிடிச் சொல்லேல்லை, கிறேஸ்."

"நீங்கள் எப்பிடிச் சொன்னியள் எண்டு ஆருக்கு வேணும்? அவை எப்பிடிக் கேட்டவை எண்டதுதான் கதை. ஆட்டிறைச்சியிலை தப்பின கலியாணத்தைக் காரிலை கொண்டுபோய் முட்டிப்போட்டியள்."

சண்டை போடவும் அவளுக்குக் களைப்பாக இருந்தது. சொன்னதோடு எழுந்து சோறு போடப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் ஞானரட்ணத்துக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவர் மறுபடி சிவானந்தனுக்கு எடுத்தார். சும்மா பகிடிக்குச் சொன்னது, நீங்கள் உறுதியாக நிற்கிறீர்களா என்று பார்த்தேன் என்றார். டார்வெலைப் போல் வாகனம் உண்டா என்றார். நாக்கு கூசியது, ஆனால் பழகிய பாதையில் தானாக ஓடியது. சிவானந்தன் உடனே இளகினார். அத்தோடு கேள்விகளும் கேட்கத் தொடங்கினார். குளிருக்குத் திரை கறுப்பதில்லையா? இல்லை. பின் ஜன்னல் தன்பாட்டில் இறங்குவதில்லையா? ஒருநாளும் இல்லை. இரண்டு காலுக்கும் சூடு வருமா? நாலு கால் இருந்தாலும் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. கார் வாங்கப்போகிற மனிதன் எதற்கு இப்படிப் பெருமூச்சு விடுகிறார் என்று ஞானரட்ணத்துக்கு விளங்கவில்லை.

"அப்ப சனிக்கிழமை வாறம் அண்ணை," என்றார் சிவானந்தன். "கொஞ்சம் நீளமா ஓடிப்பாப்பம். ரெபில் பக்கம் போவமே?"

ரெபில் குன்றுகளில் வருடாவருடம் அமெரிக்காவின் சுதந்திர தினத்தைக் கொண்டாடுவார்கள். அமெரிக்கக் காருக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் அங்கே ஏற்றம் இருக்கிறது. ஞானரட்ணம் ஆறு மாதமாக ஏற்றமான ரோட்டுகளைச் சுற்றித் தவிர்த்து வந்தவர். "ஓம், போவம்," என்றார்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கராஜுக்குக் கிளம்பினார். அன்னா தானே கொண்டுபோவதாக டேனிஷில் அடம்பிடித்தாள். இந்தமுறை நானே பிரெபெனோடு கதைக்க வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அவள் முகம் ஏன் அப்படி வாடியது என்று அவருக்கு யோசிக்க நேரமில்லை.

பிரெபென் காரைச் சுற்றி வந்து, பக்கத்து ஆசனத்தை ஒருதரம் எட்டிப்பார்த்து, தனியாகவா வந்தாய் என்று கேட்டான். பிறகு கதவைத் திருத்தினான். மூன்று மணித்தியாலம் ஆனது. முடித்துவிட்டு "டெஸ்வேர" என்றான். கதவுக்குப் போகிற வயரோடு வேறு வயர்களும் போகின்றன. இதைத் தொட்டதால் அவை குழம்பியிருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்ய அடுத்த புதன்கிழமை வரை வேண்டும்.

சனிக்கிழமை ஒருநாள் மட்டும் ஓடினால் போதும் என்று ஞானரட்ணம் கெஞ்சினார். பிரெபென் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். சூட்டையும் மழைத்துடைப்பானையும் ஒன்றாகப் போடக்கூடாது. பின் ஜன்னலைத் தொடக்கூடாது. ஏற்றத்தில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அது அவ்வளவுதான். ஞானரட்ணம் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துப் பாடமாக்கினார்.

சனிக்கிழமை மழை. குளிர் வேறு. நிலையத்தில் இறங்கிய சிவானந்தன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலண்டை நின்று பார்ப்பது போல் இருந்தது. சாரதி ஆசனத்தில் சிவானந்தன், பக்கத்தில் ஞானரட்ணம், பின்னால் யோகம்மாவும் மேரிகிறேஸும். கதவு நல்லபடியாகப் பூட்டியது. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி என்று ஞானரட்ணம் மனதுக்குள் நேர்ந்தார்.

பெருந்தெருவில் ஏறியதும் மழை வலுத்தது. சூட்டை நிறுத்தவேண்டும் என்று ஞானரட்ணம் கையை நீட்டினார். அதற்குள் சிவானந்தன் தானே சூட்டை நிறுத்திவிட்டுத்தான் துடைப்பானைப் போட்டார். சூடு உடம்புக்கு அவ்வளவு நல்லதில்லை என்றார். ஓம் ஓம், நல்லதில்லை என்றார் ஞானரட்ணம். அந்தோனியாருக்கு இரண்டாவது மெழுகுதிரி.

சிறிது தூரத்தில் பின் ஜன்னல் யோகம்மா பக்கமாக இறங்கத் தொடங்கியது. ஞானரட்ணம் பக்கக் கண்ணாடியில் அதைக் கண்டார். யோகம்மா மேரிகிறேஸுக்குக் கூறைச்சீலையின் கரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வதை நிறுத்தாமலே இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்து மேலே தள்ளினாள். கைப்பையில் இருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து நாலாக மடித்து இடுக்கில் செருகினாள். கரை இரண்டு விரல் அகலம் இருக்கவேண்டும் என்று சொல்லி முடித்தாள். பின்கதவு திறந்திருப்பதாகக் கார் கீச்சிட்டபோது முழங்கையால் ஒருதரம் இடித்தாள். கீச்சு நின்றது.

பிறகு திரை கறுத்தது. இனி எல்லாம் முடிந்தது என்று ஞானரட்ணம் கண்ணை மூடினார். சிவானந்தன் இடதுபக்கச் சமிக்ஞை விளக்கை இரண்டுதரம் போட்டு எடுத்தார். திரை வந்துவிட்டது. ஞானரட்ணம் அதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் எடுத்தது. ஒருவருக்கு நல்ல நேரம் என்றால் இப்படித்தான், கை வைத்த இடமெல்லாம் சரியாகிறது என்று நினைத்தார். புகழிலும் பயத்திலும் இரண்டு வருடம் ஓடிய மனிதனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ரெபில் ஏற்றத்தில் பாதி ஏறியபோது எதிரே ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. டென்மார்க்கில் ஆட்டுக்கும் வழிவிடத்தான் வேண்டும். சிவானந்தன் நிறுத்தினார். ஆடுகள் ஆறுதலாகப் போயின. டார்வெல் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. விளக்குகள் அணைந்தன, துடைப்பான் பாதியில் நின்றது, ஜன்னல் இடுக்கில் இருந்த காகிதம் கீழே விழுந்தது.

பெண்கள் இருவரும் அருகில் இருந்த விடுதிக்குக் கோப்பி குடிக்கப் போனார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வருவதாக மேரிகிறேஸ் சொன்னாள். கணவனை ஒருதரம் பார்த்தாள். இழுவை வண்டி வந்து, டார்வெலை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஆண்கள் இருவரையும் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் நெருக்கி இருத்தி, ராணர்ஸுக்குப் புறப்பட்டது.

ஞானரட்ணத்துக்குக் களைத்துவிட்டது. இரண்டு வருடக் களைப்பு ஒரேயடியாக வந்தது.

"சிவா," என்றார். "நான் பொய் சொன்னனான். இந்தக் கார் முதல் மாதமே நிண்டது. கிழமைக்கொருக்கா நிக்கும். வாங்கினதை வாய் நிறையப் புகழ்ந்துபோட்டன், பிறகு எப்பிடி மாத்திக் கதைக்கிறது எண்டு தெரியேல்லை. வெக்கமாக் கிடந்தது. என்னிலை இருக்கிற கோவத்தைப் பிள்ளையிலை காட்டாதையுங்கோ. அவள் பொய் பிரட்டுத் தெரியாத பிள்ளை."

சிவானந்தன் தலையைத் திருப்பினார். கண்ணாடிக்கு வெளியே நனைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ராணர்ஸ் வரும்வரை அப்படியே இருந்தார். கலியாணம் குழம்பிவிட்டது என்று ஞானரட்ணம் முடிவு செய்துகொண்டார். அன்னாவிடம் எந்த வாயால் சொல்வது என்பதைத்தான் யோசித்தார். கண்ணில் நீர் முட்டியது. இழுவை வண்டிச் சாரதி பேசாமல் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

பிரெபென் கராஜின் பெரிய கதவைத் திறந்தான். உள்ளே தூக்கியில், நான்கு சக்கரமும் தொங்க, இன்னொரு சாம்பல் நிற டார்வெல் நின்றது. பிரெபென் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஞானரட்ணத்தைக் கடந்துபோய் முதலில் சிவானந்தனுக்குக் கை கொடுத்தான்.

"டெஸ்வேர, சிவா," என்றான் டேனிஷில். "நேற்றுத்தானே வந்தது, உன்னுடையது இன்னும் ஆயத்தமில்லை."

ஞானரட்ணம் தூக்கியில் நின்ற காரைப் பார்த்தார். சிவானந்தனைப் பார்த்தார். சிவானந்தன் தரையைப் பார்த்தார்.

"பதினாறு மாதம் அண்ணை," என்றார் சிவானந்தன். "தேவராசாவின்ரை பிறந்தநாளிலை நீங்கள் சொன்னதைக் கேட்டுப்போட்டு அடுத்த கிழமையே வாங்கினனான். எல்லாருக்கும் ஓடிக் காட்டுவம் எண்டு இருந்தன். காட்ட முதலே நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு எந்த விசேசத்துக்கும் ரயில்தான்."

"பின்னை ஏன் வாங்கப்போறன் எண்டு சொன்னீங்கள்?"

"நீங்கள் உங்கடை ஒருநாளும் நிக்கேல்லை, நிக்கேல்லை எண்டு சொல்லச் சொல்ல, எனக்குத்தான் கார் வைச்சிருக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சன். உங்கடையை ஒருக்கா ஓடிப்பாத்து, நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு கண்டுபிடிக்கலாம் எண்டுதான். நேரை கேக்க வெக்கம்."

காத்திருப்பவர்களுக்கென்று மூலையில் போட்டிருந்த பழைய சோபாவில் இருவரும் போய் இருந்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சத்தமான சிரிப்பு இல்லை. நாள் முழுக்க வேலை செய்தவர்கள் பஸ்ஸில் இருந்து சிரிப்பது போன்ற ஒன்று. பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் தங்கள் பழுதுகளைச் சொன்னார்கள். எவ்வளவோ காலமாக யாரிடமும் சொல்லமுடியாமல் வைத்திருந்தவை. சிவானந்தனுடையதில் வலது காலுக்கு மட்டும்தான் சூடு வந்தது. இரண்டு காரையும் சேர்த்தால் ஒரு மனிதனுக்குக் காணும் என்றார் ஞானரட்ணம். வந்த வேலையை மறக்கவில்லை. வைகாசி இரண்டாவது சனி என்று கலியாணத் தேதியும் அந்தச் சோபாவிலேயே முடிவானது. ஞானரட்ணத்தின் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கி எங்கேயோ போனது.

"ஒண்டு மட்டும் அண்ணை," என்றார் சிவானந்தன். "இது பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது. உங்கடை கார் கதையை நான் லவனுக்குச் சொல்லமாட்டன். என்ரை கதையை நீங்கள் அன்னாவுக்குச் சொல்லாதையுங்கோ. ரெண்டு தகப்பன்மாரும் ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்தினவங்கள் எண்டு தெரிஞ்சா எங்களிலை என்ன மரியாதை இருக்கும்?"

ஞானரட்ணம் ஒத்துக்கொண்டார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. பிள்ளைகள் கள்ளங்கபடம் இல்லாமல் வாழ்க்கையைத் தொடங்கட்டும் என்றார். இருவரும் கையடித்து உறுதி செய்தார்கள்.

பிரெபென் கோப்பி கொண்டுவந்தான். இவ்வளவு நேரமும் என்ன இரகசியம் என்று கேட்டான். பிள்ளைகளுக்கு மற்றத் தகப்பனின் காரைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டாம் என்று பேசிக்கொண்டோம், நீயும் அன்னாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே என்று ஞானரட்ணம் டேனிஷில் கேட்டுக்கொண்டார்.

பிரெபென் சோபாவைப் பார்த்தான். இருவரையும் பார்த்தான். ஒரு வாடிக்கையாளரின் கதையை இன்னொருவருக்குச் சொல்லாத மனிதன்; இரண்டு பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டதால் இனி யாரிடம் எதை மறைப்பது என்று அவனுக்கும் களைத்திருக்க வேண்டும்.

"டெஸ்வேர, ஞானா," என்றான். "அன்னா உன் காரை இங்கே கொண்டுவந்தது பதினேழு தடவை, அதில் பதினொரு தடவை காரில் ஒரு பிழையும் இருக்கவில்லை, சிவாவின் பையன் தகப்பனின் காரைக் கொண்டுவருகிற நாளாக மட்டும் இருந்தது."